மூன்றில் ஒரு பங்கு வெட்டு

புதிதாக வந்த பவர் சப்ளையின் முதுகில் உள்ள லேபிளின் மேல் சுஜீவா மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு எழுத்துக்கூட வெளியே தெரியக்கூடாது. நான்கு ஓரத்தையும் நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உள்ளே இருப்பது நிழலாகத் தெரிகிறதா என்று குழல்விளக்கின் கீழே சாய்த்துப் பார்க்கிறார். லேபிளைப் படித்துவிட்டு அளந்தால் கண் அந்த எண்ணையேதான் தேடும் என்பது அவர் கட்சி. "பெட்டியில எழுதினவன் விக்கிறதுக்கு எழுதினவன். நான் வாங்கினவள். ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு வருமோ?" என்று கேட்பார். அளந்து முடித்த பிறகு, தான் கண்ட எண்ணை அந்த டேப்பின் மேலேயே கறுப்புப் பேனாவால் எழுதுவார். உள்ளே லேபிள் என்ன சொன்னது என்று பிறகும் உரித்துப் பார்ப்பதில்லை. அது சரியாகவே சொல்லியிருந்தாலும் அவருக்கு அதில் மகிழ்ச்சி இல்லை.

மெல்பேர்னின் கிழக்கே, த பேசின் மலையடிவாரத்துக்குச் சற்று முன்னால், டயர் கடைக்கும் குசினி அலுமாரி செய்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு தகரக் கூரைப் பட்டறை. அதில் பின்பக்க மேசை சுஜீவாவினது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கே பொறியியல் படித்து, இந்த ஒரே மேசையில் தலை நரைத்தவர். வேலைக்கு உட்காருமுன் தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டு மேல் பட்டனையும் பூட்டிக்கொள்வார். மின்சாரத்துக்குத் தாலி என்றும் சங்கிலி என்றும் பார்க்கத் தெரியாது என்பார். மேசையில் அவருடைய ஸ்க்ரூடிரைவர்கள் ஒரு வரிசையில் இருக்கும். யாராவது ஒன்றை எடுத்துப் பாவித்துவிட்டுத் திரும்ப வைத்தால், வைத்தவரின் பெயர்வரை கண்டுபிடித்துவிடுவார்.

அங்கே செய்வது சோதனைப் பெட்டிகள். ஒரு தொழிற்சாலை மின்னணு போர்டுகள் செய்கிறது என்றால், ஒவ்வொரு போர்டும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பெட்டி வேண்டும். பெட்டிக்குள் புத்தக அலுமாரியில் இருப்பதுபோலக் கார்டுகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். ஒன்று வோல்ட் அளக்கும், ஒன்று சிக்னல் கொடுக்கும், ஒன்று இந்த வயரிலிருந்து அந்த வயருக்கு மாற்றிவிடும். வேண்டாததைக் கழற்றிவிட்டு வேண்டியதைச் செருகலாம். வசதியும் அதுதான், வினையும் அதுதான். ஏனென்றால் அத்தனை கார்டுகளுக்கும் படியளப்பது பின்னால் இருக்கும் ஒரே ஒரு பவர் சப்ளை. எந்தக் கார்டு எவ்வளவு இழுக்கும் என்று பார்த்து, எல்லாவற்றையும் தாங்கும் சப்ளையைத் தேர்ந்தெடுப்பது சுஜீவாவின் வேலை.

கூட்டிப் பார்த்தால் போதாதா என்று கேட்டுவிட்டால் அன்றைய தேநீர் இடைவேளை போச்சு. சப்ளை ஒரே வோல்ட்டில் மட்டும் தருவதில்லை. ஐந்து, பன்னிரண்டு, மைனஸ் பன்னிரண்டு என்று தனித்தனி வழிகளில் தருகிறது. ஒவ்வொரு வழிக்கும் தனி எல்லை. லேபிளில் பெரிய எழுத்தில் இருப்பது மொத்தக் கணக்கு; அது தாராளமாக இருக்கும்போதே ஒரு சின்ன வழி வறண்டு போகலாம். "பந்தியில சோறு மலைபோலக் கிடக்கும், குழம்பு முடிஞ்சிருக்கும். வந்தவன் வெறுஞ்சோறு திண்டிட்டுப் போய் ஊரெல்லாம் சொல்லுவான்" என்று விளக்குவார். அப்படி வறண்டால் பெட்டி நின்றுபோவதில்லை. வோல்ட் கொஞ்சம் சரியும், கார்டு தப்பாக அளக்கும், நல்ல போர்டைக் கெட்டது என்று ஒதுக்கும். "நிண்டு போற மெசினை நான் மதிப்பன். நிக்காமல் பொய் சொல்லுறதைத்தான் வச்சிருக்கேலாது."

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அளந்த எண்ணை யாரும் அப்படியே சொல்வதில்லை. கார்டு விற்பவர்கள் குறைத்துச் சொல்வார்கள், அப்போதுதான் விற்கும். புதிதாக வேலைக்கு வந்த பொறியியலாளர்கள் கூட்டிச் சொல்வார்கள், அப்போதுதான் பிறகு மாட்டமாட்டார்கள். எல்லாரும் கூட்டிக்கொண்டே போனால் சப்ளை பெரிதாகும், அதற்கு விசிறி பெரிதாகும், பெட்டி வாடிக்கையாளரின் அலுமாரித் தட்டில் ஏறாது. ஆகவே தானே அளக்க முடியாத கார்டு ஏதாவது வந்தால் சுஜீவாவுக்கு ஒரு விதி. கார்டு விற்பவன் சொன்னதில் பாதியைக் கூட்டு. புதிதாக வந்த பொடியள் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கை வெட்டு. "பயத்தில சொல்லுறதுகள். வெட்டினால்தான் உண்மை வரும்." இளம் வயதில் அவரும் பயத்தில் கூட்டிச் சொன்னவர்தான். அதனால் இந்த விதியில் மட்டும் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

வீட்டிலும் இதே கதைதான். அரிசி மூட்டை வந்தால் குளியலறைத் தராசில் ஏறும். பெற்றோல் போட்டால் பம்பின் கணக்கும் காரின் கணக்கும் ஒப்பிடப்படும். கணவர் வரதராஜா பஸ் ஓட்டுகிறார். பேச்சில் அதிகம் பிரேக் போடாத மனிதர். "கலியாணத்துக்கு முதல் என்னையும் ஏதோ ஒரு மீட்டரில கொழுவிப் பாத்திருப்பா. எனக்குத்தான் தெரியாது" என்பார். சுஜீவா மறுக்கவில்லை. அவர் வேலை செய்வதாகச் சொன்ன டிப்போவுக்குத் தன் சிநேகிதியை அனுப்பி விசாரித்தது வாஸ்தவம்தான்.

விசேஷங்களுக்குப் போனால் மேடையைப் பார்ப்பதற்கு முன் குசினியைப் பார்ப்பார். நம்மவர்கள் வாடகை மண்டபம் எடுத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆளுக்கொரு ரைஸ் குக்கரைக் காரில் ஏற்றி வந்து, கண்ணில் படும் முதல் பிளக்கில் தொடங்கி ஒரே வரிசையாகச் செருகி, தேநீர்த் தண்ணீர் கொதிக்கும் பெரிய பாத்திரத்தையும் அதே வரிசையில் சேர்த்து, ஆலத்தி எடுக்கிற நேரம் பார்த்து மண்டபத்தை இருட்டாக்கிவிடுவார்கள். சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் அக்கா இராஜேஸ்வரியின் மகள் பெரியவளாகிச் சாமத்திய வீடு நடந்தபோது, பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பிளக்குகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தவர் சுஜீவாதான். "எல்லாம் ஒரே சுவர்தானே பிள்ளை" என்றார் ஒரு அன்ரி. "சுவர் ஒண்டுதான் அன்ரி. உள்ளுக்கு ஓடுற வயர் எத்தினை எண்டு ஆருக்குத் தெரியும்?" என்று சொல்லி அவருடைய குக்கரைத் தூக்கி நடைபாதையில் வைத்தார். அன்று விளக்கு அணையவில்லை. அந்த அன்ரி இன்றுவரை அவரோடு பேசுவதும் இல்லை.

இப்படிப்பட்டவரின் மேசைக்கு எதிர் மேசையில் விவேக் வந்து உட்கார்ந்தான். கோயம்புத்தூர்ப் பையன். மனைவி ஹரிப்பிரியாவோடு வந்து இறங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இந்த நிறுவனத்தின் பெயரில் வாங்கிய விசா. இன்னும் சில மாதங்கள் இதே வேலையில் இருந்தால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். வந்த முதல் நாளே சுஜீவா அவனைக் கூப்பிட்டு, "இஞ்ச பாரும், நீர் எனக்கு அளந்ததை மட்டும் சொல்லும். அதில ஒண்டும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார். சரித்திர நாடகத்தில் மன்னர்கள் மட்டும் சொல்லிக் கேட்டிருந்த 'நீர்' தன்னைப் பார்த்து வந்ததில் அவன் சற்று மிரண்டு, "சரிங்க அக்கா" என்றான். அவன் போன பிறகு சுஜீவா வரதராஜாவுக்கு போனில் சொன்னது வேறு: "நல்ல பொடியன் மாதிரித்தான் கிடக்கு. பாப்பம்."

பார்க்கும்படியாகத்தான் நடந்தது. சிட்னியில் ஒரு நிறுவனம் மருத்துவமனைகளுக்கான போர்டுகள் செய்கிறது. நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் பம்புக்குள் இருக்கும் போர்டு. அதற்கான சோதனைப் பெட்டி சுஜீவாவின் கணக்கில் உருவானது. சப்ளையை அளந்தவர் அவர்தான். மைனஸ் பன்னிரண்டு வழியில் நான்கு ஆம்ப் தரும், அதற்குமேல் தராது. கார்டுகளையும் ஒவ்வொன்றாக அளந்தார். அந்த வழியில் எல்லாமாகச் சேர்த்து இரண்டு ஆம்ப். ஒரே ஒரு கார்டு பாக்கி. பெரிய சிக்னல் கொடுக்கும் கார்டு அது, வெளிநாட்டிலிருந்து பிந்தி வந்தது. அது வந்த வாரம் அக்காவுக்கு வெஸ்ட்மீட்டில் அறுவைச் சிகிச்சை. சுஜீவா சிட்னியில் நின்றார். விவேக்தான் அளந்து போனில் சொன்னான். சுஜீவா அங்கிருந்தபடியே தன் மடிக்கணினியில் கணக்கை முடித்தார், பெட்டி வாடிக்கையாளரிடம் போனது.

ஒரு மாதத்துக்குள் பெட்டி திரும்பி வந்தது. சிட்னியில் போர்டுகள் கும்பல் கும்பலாகக் கடைசிச் சோதனையில் தோற்றிருக்கின்றன. தோற்றவற்றையெல்லாம் சிவப்புத் தொட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் சந்தேகப்பட்டு அவற்றை ஒரு பழைய பெட்டியில் வைத்துப் பார்த்தால், அத்தனையும் நல்ல போர்டுகள். வேலை நின்றுபோன கோபத்தில் அந்த நிறுவனத்தார் யாருடைய பிழை என்று பெயரோடு கேட்டார்கள். முதலாளி டெரெக் சிட்னி அலுவலகத்தில் இருப்பவர், சுஜீவாவின் சொல்லுக்கு மறுசொல் சொல்லாதவர். போனில் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். "நீ பார்த்துச் சொல், சுஜீவா. அந்தப் பையனின் பிழை என்றால் அவனை வைத்திருப்பது கஷ்டம்."

சுஜீவா மைனஸ் பன்னிரண்டு வழியில் மீட்டரைக் கொழுவி, கடைசிச் சோதனையை ஓடவிட்டார். பெரிய சிக்னல் கார்டு முழுச் சுமையில் வந்ததும் வோல்ட் பொலபொலவென்று சரிந்தது. சப்ளை குற்றவாளி இல்லை, அது தன் நான்கு ஆம்பைத் தந்துகொண்டேதான் இருந்தது. அந்தக் கார்டு மட்டும் ரெண்டே கால் இழுத்தது. இரண்டும் ரெண்டே காலும் நாலே கால். கணக்கில் அந்தக் கார்டுக்கு நேரே ஒன்றரை என்று இருந்தது, பக்கத்தில் விவேக்கின் பெயர். சுஜீவா அதைக் கண் எடுக்காமல் பார்த்தார். கார்டோடு வந்த தாள் ஒரு ஆம்ப் என்கிறது. அதில் அரையைக் கூட்டினால் ஒன்றரை. "அளக்கவே இல்லை. தாளைப் பாத்து அடிச்சுவிட்டிருக்கிறான்" என்று அன்று மாலை வரதராஜாவிடம் சொன்னார். பொய் சொன்னதைவிட, அதை இவ்வளவு மலிவாகச் சொன்னதுதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சந்தேகம் வந்துவிட்டால் சுஜீவா உடனே கேட்டுவிடும் ரகம் இல்லை. ஊறவைப்பார். விவேக் மேசையிலிருந்து எழும்போது மடிக்கணினியை மூடிவிட்டுப் போனான், கவனித்தார். போன் வந்தால் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்ப் பேசினான். பேச்சு காதில் விழுமா என்று சுஜீவா ஜன்னலருகே போய் நின்று அங்கிருந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். இதற்கு முன் அந்தச் செடிக்கு அவர் தண்ணீர் ஊற்றியதே கிடையாது. முன்பெல்லாம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தவுடன் "அக்கா, கொஞ்சம் எடுத்துக்கோங்க" என்பவன், இப்போது குனிந்தபடி தனியாகச் சாப்பிட்டான். ஒருநாள் அவருடைய அளவுக் கம்பிகள் வரிசை மாறிக் கிடந்தன. இது போதும் என்று சுஜீவா முடிவு கட்டினார். தடயத்தை மாற்றப் பார்க்கிறான்; கார்டையே மாற்றினாலும் மாற்றுவான்.

"அந்தப் பொடியனைக் கூப்பிட்டு நேர கேளுமன்" என்றார் வரதராஜா.

"கேட்டால் கதை சொல்லுவான். கண்டால்தான் உண்மை."

"அவன்ர மனுசி பிள்ளைத்தாச்சி எண்டு கோயிலில ஆரோ கதைச்சவை."

"அதுக்கு நான் என்ன செய்யேலும்? ஆம்ப் அதைப் பாத்துக் குறையுமோ?"

சொன்னாரே தவிர, அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. பொய்க்காரனாக இருந்தாலும் ஒரு குடும்பத்தைப் பிளேன் ஏற்றும் சொல் தன் வாயிலிருந்துதான் போகப்போகிறது என்பது அவருக்கு வேண்டாத வேலையாக இருந்தது. அதற்காகச் சொல்லாமல் விடுகிறவரும் அல்ல.

டெரெக்கும் சிட்னி நிறுவனத்தாரும் வீடியோவில் வருவதாக இருந்த நாளன்று சுஜீவா வழக்கத்தைவிட வேளைக்கே பட்டறைக்குப் போனார். விவேக்கின் கார் அதற்கு முன்பே நின்றது. சத்தம் காட்டாமல் பின்கதவைத் திறந்தார். அவருடைய மேசையில், திரும்பி வந்த பெட்டி மூடி கழன்று கிடக்க, விவேக் அந்தப் பெரிய சிக்னல் கார்டை வெளியே நீட்டிக் கம்பி கொழுவி வைத்திருந்தான். பக்கத்தில் அவருடைய மீட்டர்.

"என்ன செய்யிறீர்?"

அவன் திடுக்கிட்டு எழுந்ததில் கதிரை பின்னால் உருண்டு போனது. "ஒண்ணுமில்லீங்க அக்கா. திரும்ப ஒருவாட்டி அளந்து பாக்கலாம்னு."

"ஆரைக் கேட்டு என்ர பெட்டியைத் திறந்தனீர்?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லிருப்பீங்க. நாலு நாளா காலைல வந்து இதத்தான் பண்ணிட்டிருக்கேன்."

சுஜீவா மீட்டரை எட்டிப் பார்த்தார். ரெண்டே கால்.

"எங்க தப்பு பண்ணேன்னு எனக்கே புரியலைங்க அக்கா" என்றான் விவேக். கண் சிவந்திருந்தது. "அன்னிக்கும் இதே மாதிரிதான் முழு லோடு வச்சேன். இதே கம்பி. எப்படி வச்சாலும் ரெண்டே காலுக்குக் கீழ இறங்க மாட்டேங்குது. அப்ப ஒன்றரை எப்படி வந்திருக்கும்? ரெண்டே கால்னு உங்ககிட்ட சொன்ன மாதிரிதான் எனக்கு ஞாபகம். ஆனா நீங்க ஒன்றரைன்னு போட்டிருக்கீங்க. நீங்க தப்பா எழுத மாட்டீங்க. நான்தான் போன்ல ஏதோ உளறியிருக்கேன்."

"காரடியில நிண்டு ஆரோடை கதைக்கிறனீர்?" சுஜீவாவின் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"விசா ஏஜெண்டுங்க. வேலை போச்சுன்னா எத்தன நாள் இங்க இருக்கலாம்னு கேட்டுட்டிருந்தேன். ப்ரியாவுக்கு இன்னும் சொல்லலை."

சுஜீவா அவன் உருட்டிவிட்ட கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரெண்டே கால். ஒன்றரை. அவருடைய மூளை ஒரு எண்ணைக் கண்டால் சும்மா இருக்காது. புரட்டிப் பார்க்கும், வகுத்துப் பார்க்கும். ரெண்டே காலை மூன்றாகப் பிரித்தால் முக்கால். முக்காலை எடுத்துவிட்டால் ஒன்றரை. தப்பாக அளந்தவனுக்கு ஏதோ ஒரு கோணல் எண் வரும். உளறியவனுக்கும் ஏதோ ஒன்று வரும். சரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்து, துண்டு விழாமல் வருவது உலகத்தில் ஒரே ஒருவரின் கைவேலை.

அப்போதுதான் வெஸ்ட்மீட் மருத்துவமனையின் நடைபாதை ஞாபகத்துக்கு வந்தது. அக்காவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். லிப்ட் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. ஒரு காதில் போன், மற்றக் காது மருத்துவர் கூப்பிடுகிறாரா என்று கதவுப் பக்கம். "ரெண்டே கால் இழுக்குதுங்க அக்கா" என்று அவன் தெளிவாகத்தான் சொன்னான். "ஓமோம், சரி" என்று போனை வைத்தார். பயந்த பொடியன், கூட்டித்தான் சொல்லுறான் என்று மனம் தன்பாட்டில் சொன்னது, கை தன்பாட்டில் வெட்டியது. யோசித்து வெட்டியிருந்தால் ஞாபகம் இருந்திருக்கும். மூக்கைச் சொறிவதுபோல வெட்டியதால், அவன் சொன்னதே ஒன்றரை என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தார்.

"நீர் எனக்குச் சொல்லேக்க ஒண்டும் கூட்டாமலே சொன்னனீர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம்னு தோணுச்சுங்க. பழைய கம்பெனியில அப்படித்தான் பண்ணுவோம். ஆனா நீங்க முதல் நாளே சொன்னீங்களே, அளந்ததை மட்டும் சொல்லுன்னு."

சுஜீவா இங்கே வந்த நாள் முதல், புதிதாக வரும் அத்தனை பேருக்கும் அதைச் சொல்லியிருக்கிறார். ஒருவனாவது கேட்டு நடப்பான் என்று அவர் எதிர்பார்த்ததே இல்லை.

தேநீர் போடுகிறேன் என்று எழுந்து பட்டறைக் குசினிக்குப் போனார். கேத்திலில் தண்ணீர் ஊற்றிவிட்டு சுவிட்சைப் போட மறந்து நின்றார். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. டெரெக் நல்ல மனிதர்தான். ஆனால் சம்பளம் கூடிய பழைய ஆட்களைப் பற்றி அண்மைக் காலமாக அவர் பேசும் விதம் சுஜீவாவுக்குப் பிடிக்கவில்லை. இந்தப் பட்டறையில் அவருக்கு இருப்பது ஒரே ஒரு சொத்து, சுஜீவா போட்ட எண் பிழைக்காது என்ற பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் அந்தப் பையன் தன் கண்ணால் அளந்ததையே நம்பாமல் நாலு நாளாகத் தன்னைத்தானே குடைந்துகொண்டிருக்கிறான். இப்போது நடந்ததை அறிந்தவர் அவர் ஒருவர்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பொய்கூடச் சொல்லத் தேவையில்லை. விவேக்கே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவான். எவரும் எதையும் உரித்துப் பார்க்கப் போவதில்லை.

இத்தனை வருடமும் உலகத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சந்தேகித்தவர், ஒரு ஆளை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார். அந்த ஆளின் மேல் அவருக்கு அந்தக் குசினியில் நின்றபடி அருவருப்பே வந்தது. தேநீர் போடாமலே திரும்பி வந்தார்.

விவேக் மேசையைத் துடைத்து, பெட்டியை மூடி, மடிக்கணினியை நடுவில் வைத்து இரண்டு கதிரைகளைப் போட்டிருந்தான். முடியைக் கையால் ஒதுக்கிச் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டான். "அக்கா, நானே சொல்லிடறேன். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். உங்களுக்குத் தர்மசங்கடமா இருக்கும்" என்றான். சுஜீவா பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். திரை விழித்தது. ஒரு கட்டத்தில் டெரெக், இன்னொன்றில் சிட்னி நிறுவனத்தின் மேலாளர் பெண்மணி, மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் தோளோடு தோள் நெருங்கி இவர்கள் இருவரும். வானிலை விசாரணை சீக்கிரமே முடிந்தது.

"ஒரே ஒரு கார்டின் எண்தான் பிழை என்று விளங்குகிறது" என்றார் டெரெக் ஆங்கிலத்தில். "அந்த எண் யாருடையது? விவேக், உன்னுடையதா?"

விவேக் தொண்டையைச் செருமினான். "யெஸ் டெரெக். ஐ திங்க் இட் வாஸ் மை..."

சுஜீவா கையை நீட்டி மடிக்கணினியை அப்படியே தன் பக்கம் திருப்பினார். திரையின் மூலையில் விவேக்கின் தோள் நழுவி, காது நழுவி, முகம் முழுவதும் வெளியே போக, அந்தச் சின்னக் கட்டத்தில் அவர் ஒருவர் மட்டும் இருந்தார்.